லாரி வருமுன் எழுத வேண்டிய நோட்டு

கடைகளை அகற்றும் நகராட்சி லாரி வந்து நின்ற பிறகு தரைக்கடைக்காரர்கள் சங்கம் சேர்ந்து பலனில்லை. தராசும் தார்ப்பாயும் வண்டியேறிய பின் அவரவர் தனியாக அலைவார்கள். கேட்டதைக் கொடுத்து மீட்டு வருவார்கள்.

2014-ஆம் ஆண்டின் சாலையோர வியாபாரிகள் சட்டப்படி, கணக்கெடுப்பு முடிந்து எல்லாருக்கும் விற்பனைச் சான்றிதழ் கொடுக்கும்வரை யாரையும் அகற்றக் கூடாது. கணக்கெடுப்பில் விடுபட்டால்தான் சிக்கல். பகல் பதினொரு மணிக்கு ஆள் வந்தால், எட்டு மணிக்கே கூடையைக் கவிழ்த்துப் போய்விட்ட பூக்காரம்மா அதில் இருக்க மாட்டார். மாலையில் வரும் பஜ்ஜி வண்டியும் இருக்காது. மனைவி நடத்தும் கடையைக் கணவர் பெயரில் எழுதிவிடுவதும் உண்டு.

அதனால் முதல் வேலை, தெருவுக்கு ஒரு நோட்டு. பெயர், சரக்கு, கடை போடும் நேரம், எடுக்கும் நேரம், இடத்தின் நீள அகலம், எத்தனை வருடமாக என்பதை எழுதுங்கள். கடையைப் படமெடுக்கும்போது பக்கத்து மின்கம்பத்தின் எண் தெரியட்டும். வெறும் குடையும் கூடையும் எந்தத் தெருவிலும் இருக்கும். இரண்டு பிரதி எடுத்து ஒன்றை நகராட்சி அலுவலகத்தில் கொடுத்து, மற்றதில் தேதியுடன் முத்திரை வாங்குங்கள். முத்திரை தர மறுத்தால் பதிவுத் தபால்.

பொருளை எடுத்தால் பட்டியல் தர வேண்டும். கோரிய பின் அழுகும் பொருளை அன்றே, மற்றவற்றை இரண்டு வேலை நாளுக்குள் திருப்பித் தர வேண்டும். பட்டியலைப் பெரும்பாலும் தர மாட்டார்கள். லாரியை மறித்துத் தள்ளுமுள்ளு செய்தால் வழக்குதான் மிஞ்சும். நாலு பேர் கூட நின்று, "தக்காளி 2 பெட்டி, மின்தராசு 1, குடை 1" என்று அங்கேயே எழுதி, சாட்சிக் கையெழுத்தோடு அன்று மாலையே கோரிக்கை மனுவைக் கொடுத்துவிட வேண்டும்.

சந்தாவுக்கு ரசீது போடுங்கள். ரசீதில்லாத சந்தாவுக்கும் மாமூலுக்கும் வித்தியாசம் தெரியாது. இடத்தை உள்வாடகைக்கு விட்டவருக்காகச் சங்கம் வாதாடவும் கூடாது. வாடகைக்கு விடுவதைச் சட்டமே தடுக்கிறது.

சாலையோரக் கடைகளுக்காக இந்தச் சட்டப்படி அமையும் நகர விற்பனைக் குழுவில் குறைந்தது 40 சதவீதம் வியாபாரிகளே தேர்ந்தெடுத்த பிரதிநிதிகள். அதில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். கூட்டம் முடிந்ததும் அவர்கள் தெருவுக்கு வந்து, என்ன முடிவானது, எந்த இடம் விற்பனை இல்லாப் பகுதியாகப் போகிறது என்று வாய்விட்டுப் படிக்க வேண்டும். இடம் மாற்றுவதென்றால் 30 நாள் முன்னறிவிப்பு உண்டு. அந்த நாட்களில் எதுவும் செய்யாவிட்டால் அதுவே சம்மதம் போலாகிவிடும்.