காஸ்ப்ளே: 'கொசுபுரெ' என்று பிறந்த சொல்லைத் தமிழில் எப்படி அழைப்பது?

கதை, படம், காமிக்ஸ் பாத்திரங்களைப் போல உடுத்திக்கொண்டு வருவதுதான் காஸ்ப்ளே. அது ஆங்கிலச் சொல் என்றுதான் நம்மில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். துணி ஆங்கிலத் துணிதான். வெட்டித் தைத்தது ஜப்பானியத் தையற்காரர். காஸ்ட்யூம், ப்ளே என்ற இரண்டையும் ஜப்பானியர் 'கொசுச்சூமு', 'புரெய்' என்று சொல்வார்கள். மெய்யும் மெய்யும் ஒட்டி வந்தால் இடையில் ஓர் உகரத்தைச் செருகுவது அவர்கள் வழக்கம். லகரமும் கிடையாது, ரகரம்தான். ஸ்கூலை 'இஸ்கூல்' ஆக்கிய நம் பாட்டிமாருக்கு இதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை. அப்படி நீண்டுபோன இரு சொற்களிலும் முதல் இரண்டு ஒலிகளை மட்டும் கிள்ளி எடுத்தால் கொசு, புரெ. சேர்த்தால் கொசுபுரெ. (கொசுவைப் பார்த்துச் சிரித்து முடித்தவர்கள் மேலே வாசிக்கலாம்.)

இப்படிக் கிள்ளி ஒட்டுவது ஜப்பானியத்தில் அன்றாட வேலை. ரிமோட் கண்ட்ரோல் அங்கே 'ரிமொகொன்'. பாக்கெட் மான்ஸ்டரைச் சுருக்கியதுதான் போக்கெமான். வெற்று என்று பொருள்படும் 'கரா'வோடு ஆர்கெஸ்ட்ராவின் தலையை ஒட்டவைத்தது கரோக்கி. கொசுபுரெவும் அந்தக் குடும்பத்துப் பிள்ளை. பிறகு அது கடல் தாண்டி அமெரிக்கா போய், காஸ்ப்ளே என்று உச்சரிப்பை மாற்றிக்கொண்டு, ஆங்கில அகராதிக்குள்ளேயே இடம்பிடித்துவிட்டது.

இந்தச் சுருக்கத்தை உண்டாக்கியவர் என்று சொல்லப்படுபவர் நொபுயுகி தகாஹாஷி. ஸ்டூடியோ ஹார்ட் என்ற பதிப்புப் பணி நிறுவனத்தைச் சேர்ந்தவர். இணையத்தில் உலவும் கதை இது: 1984-இல் அமெரிக்காவில், லாஸ் ஏஞ்சலிஸ் பக்கம் நடந்த வேர்ல்ட்கான் என்னும் உலக அறிவியல் புனைகதை மாநாட்டுக்கு அவர் போனார், அங்கே ரசிகர்கள் பாத்திரங்களாக உடுத்தி வந்ததைப் பார்த்து அசந்தார், ஊர் திரும்பியதும் இந்தச் சொல்லை உருவாக்கினார். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஆண்டைப் பார்த்தால் கதை நொண்டுகிறது. 1983 ஜூன் மாத 'மை அனிமே' இதழிலேயே சொல் அச்சாகிவிட்டது. மாநாட்டுக்குப் போவதற்கு முந்தைய ஆண்டே சொல் இருந்திருக்கிறது என்றால், மாநாடு அதைப் பெற்றெடுத்திருக்க முடியாது.

அவர் ஏன் புதுச்சொல் தேட வேண்டியிருந்தது என்பதற்கான காரணம்தான் எனக்குப் பிடித்தது. அமெரிக்க ரசிகர்கள் இதை 'மாஸ்க்கரேடு' என்றார்கள். அதை அப்படியே ஜப்பானியத்தில் பெயர்த்தால் பிரபுக்கள் வீட்டுப் பழங்கால விருந்து போல வாடை அடித்தது. பொருள் சரி, வாடை தப்பு. தமிழில் இதே சிக்கலை நாமும் சந்திக்கப் போகிறோம் என்பதால் இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். 'ஒதாக்கு' என்ற சொல்லுக்கு அனிமே, காமிக்ஸ் பித்தர் என்ற இன்றைய பொருள் வந்ததும் அதே 1983-இல்தான். 'உங்கள் இல்லம்' என்று பொருள்படும், மரியாதையாகத் 'தாங்கள்' என்று விளிக்கவும் பயன்படும் சொல் அது. ரசிகர்கள் ஒருவரை ஒருவர் அப்படி விளித்துக்கொண்டதைக் கிண்டலடித்து, அகியோ நகாமோரி என்பவர் ஒரு பத்திரிகைப் பத்தியில் அவர்களுக்கே அதைப் பட்டமாகச் சூட்டிவிட்டார்.

சொல்தான் 1983. செயல் அதைவிட மூத்தது. 1939 ஜூலையில் நியூயார்க்கில் முதல் வேர்ல்ட்கான் நடந்தபோது, ஃபாரஸ்ட் ஆக்கர்மன், மைர்ட்டில் டக்ளஸ் என்ற இருவர் எதிர்கால மனிதர்களைப் போல உடுத்திக்கொண்டு வந்தார்கள். மாநாட்டில் வேறு யாரும் அப்படி வரவில்லை. வரலாறு பெரும்பாலும் ஆக்கர்மனின் பெயரைத்தான் முதலில் சொல்லும். இரண்டு உடைகளையும் வடிவமைத்துத் தைத்தவர் 'மொரோஜோ' என்று அழைக்கப்பட்ட மைர்ட்டில். அடுத்த ஆண்டு சிகாகோ மாநாட்டில் மாஸ்க்கரேடு நிகழ்ச்சிநிரலிலேயே ஏறிவிட்டது.

புதிதாக வருபவர்கள் தடுக்கி விழும் முதல் சொல்லே இந்த மாஸ்க்கரேடுதான். முகமூடி போட்டு ஆடும் நடன விருந்து என்று நினைத்துப் போனால் ஏமாந்துபோவீர்கள். இன்று அது மேடைப் போட்டி. உடையோடு மேடையேறி, ஒரு நிமிடமோ இரண்டு நிமிடமோ நடித்தோ நடந்தோ காட்ட வேண்டும். நடுவர்கள் தையலைப் புரட்டிப் பார்ப்பதும் உண்டு. விதிகளும் பட்டு அறிந்து எழுதியவை. 1972 வேர்ல்ட்கானில் ஸ்காட் ஷா என்ற ஓவியர் உடம்பெல்லாம் வேர்க்கடலை வெண்ணெய் பூசிக்கொண்டு மேடைக்கு வந்தார். விளக்குச் சூட்டில் அது என்ன ஆகியிருக்கும், பக்கத்தில் நின்றவர்களின் உடை என்ன ஆகியிருக்கும் என்று நீங்களே ஊகித்துக்கொள்ளலாம். 'வேர்க்கடலை வெண்ணெய் கூடாது' என்ற விதி அன்று பிறந்தது.

மற்ற சொற்களில் 'கான்' முதலில் வரும். ரசிகர்கள் கூடும் விழாவைக் குறிக்கும் கன்வென்ஷன் என்பதன் தலை. சென்னையில் 2024 பிப்ரவரியில் நந்தம்பாக்கம் வர்த்தக மையத்தில் முதல் காமிக் கான் நடந்ததிலிருந்து இங்கேயும் 'கானுக்குப் போறியா?' என்று கேட்கிறார்கள். மாநாடு என்று தமிழாக்கினால் கட்சிக்கொடி கட்டிய வேன்கள் கண்முன் வருகின்றன. கான் என்றே விட்டுவிடுவது நல்லது. அதை ஒட்டிப் பிறந்தது 'கான் க்ரஞ்ச்': விழாவுக்கு முந்தைய சில நாள்களில் தூக்கத்தை விட்டு, சாப்பாட்டை விட்டு, முடியாத உடையை முடிக்கப் படும் பாடு. தீபாவளிக்கு முதல் நாள் தையல் கடையைப் பார்த்தவர்களுக்கு அகராதி தேவையில்லை.

'க்ளாஸட் காஸ்ப்ளே' என்றால் புதிதாக எதையும் தைக்காமல், வீட்டு அலமாரியில் இருக்கும் துணிகளை வைத்தே பாத்திரத்தைக் கொண்டுவருவது. பீரோ காஸ்ப்ளே என்று நான் சொல்லிப் பார்த்தேன். கேட்டவர்களுக்கு உடனே புரிந்தது. 'ஒன் பீஸ்' என்ற ஜப்பானியக் கதையின் நாயகன் லூஃபிக்கு ஒரு சிவப்புச் சட்டை, நீல அரைக்கால் சட்டை, வைக்கோல் தொப்பி போதும். தொடங்குபவர்களுக்கு இதைவிட நல்ல வழி கிடையாது. இதை மட்டமாகப் பேசுகிறவர்களைக் கண்டுகொள்ளவும் வேண்டாம்.

'ப்ராப்' நாடகக் கொட்டகையிலிருந்து வந்தது. ப்ராப்பர்ட்டி என்பதன் சுருக்கம், அதாவது நாடகக் கம்பெனியின் உடைமை. நடிகர் கையில் பிடித்திருக்கும் வாளும் கிண்ணமும் அவருடையவை இல்லை, கம்பெனியுடையவை. காஸ்ப்ளேயில் வாள், கைத்தடி, துப்பாக்கி, மந்திரக்கோல் எல்லாம் ப்ராப். தமிழில் கைப்பொருள் என்றால் பொருந்தும். பெரும்பாலும் இவற்றை ஈ.வி.ஏ. ஃபோம் என்ற மெத்தென்ற தகட்டில் செய்கிறார்கள். குழந்தைகள் விளையாடத் தரையில் கோத்துப் போடும் வண்ண விரிப்பு இருக்கிறதே, அதே சரக்கு. வெட்டி, சூட்டுக்காற்றுத் துப்பாக்கியால் வாட்டி வளைத்து, செருப்புத் தைப்பவர்கள் 'சொல்யூஷன்' என்று சொல்லும் வகைப் பசையை இரு பக்கமும் தடவி, காயவிட்டு, அழுத்தி ஒட்டுகிறார்கள். பார்த்தால் இரும்புக் கவசம், தூக்கினால் பஞ்சு. நம் தெருக்கூத்துக்காரர்கள் கிரீடத்தையும் புஜக்கட்டையையும் எடையில்லாத கல்யாண முருங்கை மரத்தில் செதுக்கி, கண்ணாடித் துண்டு பதித்துக் கட்டிக்கொண்டு விடிய விடிய ஆடினார்கள். சரக்குதான் வேறு, கணக்கு ஒன்றுதான்.

கைப்பொருளோடு போனால் வாசலில் 'பீஸ் பாண்டிங்' நடக்கும். வாளை உறையோடு சேர்த்துக் கட்டிவிடும் பழைய ஐரோப்பிய வழக்கத்தின் பெயர் அது. இப்போது ஆயுதத்தைச் சோதித்து, பாதுகாப்பானது என்று அடையாளப் பட்டை கட்டி அனுப்புகிறார்கள். கூர்மையான உலோகத்தை உள்ளே விடமாட்டார்கள். மல்லுக்கட்ட வேண்டாம்.

பலரும் குழப்பிக்கொள்ளும் இரட்டைச் சொற்கள் 'க்ராஸ்ப்ளே', 'ஜெண்டர்பெண்ட்'. ஒரு பெண் லூஃபியை ஆணாகவே காட்டி உடுத்தினால் க்ராஸ்ப்ளே. லூஃபி பெண்ணாகப் பிறந்திருந்தால் எப்படி இருப்பான் என்று யோசித்து உடுத்தினால் ஜெண்டர்பெண்ட். முன்னதில் மாறுவது உடுத்துபவர், பின்னதில் மாறுவது பாத்திரம். முன்னதற்கு நம் நாடக உலகில் 'ஸ்திரீ பார்ட்' என்ற பெயர் எப்போதோ இருந்தது. டி. கே. சண்முகம் ஔவைக் கிழவியாக மேடையேறி, கடைசிவரை ஔவை சண்முகம் என்றே அழைக்கப்பட்டார்.

ஜப்பானிய வட்டாரத்துச் சொற்களும் அவ்வப்போது காதில் விழும். காஸ்ப்ளேயர் என்பதன் தலையை வெட்டிவிட்டு வாலை மட்டும் வைத்துக்கொண்ட 'ரெய்யா', அதாவது உடுத்துபவர். 'கமெகோ' என்றால் கேமராப் பொடியன்; படம் எடுக்க வருபவரைக் கொஞ்சம் இளக்காரமாகச் சொல்வது. 'அவாசே' என்பது ஒரே கதையின் பாத்திரங்களாகப் பலர் பேசிவைத்துக்கொண்டு வருவது. செட்டு சேர்ந்து வருவது என்றால் நம்மூரில் போதும்.

சொல்லாக இல்லாமல் வாசகமாகவே பரவியது ஒன்று உண்டு: 'காஸ்ப்ளே சம்மதம் ஆகாது'. 2014-இல் நியூயார்க் காமிக் கான் இதைப் பெரிய பலகைகளில் எழுதி நிறுத்தியது. ஒருவர் எந்தப் பாத்திரமாக உடுத்தியிருந்தாலும், எவ்வளவு குறைவாக உடுத்தியிருந்தாலும், கேட்காமல் தொடக்கூடாது, கேட்காமல் படம் எடுக்கக்கூடாது. ஓடிவந்து மேலே விழுந்து கட்டிக்கொள்வதை ஒரு காலத்தில் 'க்ளாம்ப்' என்று செல்லமாகச் சொன்னார்கள். அந்தச் சொல்லும் பழக்கமும் இப்போது ஒழுங்காக நடக்கும் இடங்களில் செல்லாது.

சரி, தமிழில் என்ன சொல்லலாம்?

'ஆடை விளையாட்டு' என்று பகுதி பகுதியாகப் பெயர்ப்பதை முதலிலேயே தள்ளிவிடலாம். துணி வைத்து விளையாடும் குழந்தைதான் நினைவுக்கு வருகிறது. 'மாறுவேடம்' பள்ளி ஆண்டுவிழாக்களால் பழகிய சொல். ஒவ்வொரு போட்டியிலும் மூன்று பாரதியார் வருவார்கள். ஆனால் அதன் பொருள் நேர் எதிர்த்திசை. நகர்வலம் போகும் ராஜா மாறுவேடம் பூணுவது யாரும் கண்டுபிடிக்கக் கூடாது என்பதற்காக. காஸ்ப்ளே செய்பவருக்கோ, தூரத்திலிருந்து ஒருவர் 'டேய், அங்க பாரு நருட்டோ!' என்று கத்தினால்தான் பட்ட பாடு தீரும்.

'வேஷம்' நல்ல சொல். கூத்தில் வேஷம் கட்டுகிறார்கள். குலசேகரப்பட்டினம் தசராவில் காளி, குரங்கு, போலீஸ் என்று வேஷம் கட்டி முத்தாரம்மனுக்கு நேர்த்திக்கடன் செலுத்துகிறார்கள். ஆனால் அந்த வட்டத்துக்கு வெளியே 'வேஷம் போடுறான்' என்றால் ஏமாற்றுகிறான் என்று பொருள். தகாஹாஷிக்கு மாஸ்க்கரேடில் அடித்த வாடை மாதிரி ஒன்று இதிலும் அடிக்கிறது. 'ஒப்பனை'க்குள் ஒப்பு இருப்பதால் ஆசையாகத்தான் இருந்தது. இன்று அது முகப்பூச்சுக்கு மட்டும் என்று சுருங்கிவிட்டது. போதாததற்கு, கழிப்பறைக் கதவுகளில் வேறு ஒப்பனை அறை என்று எழுதிவைத்திருக்கிறார்கள்.

எனக்குப் பிடித்தது 'கோலம்'. பழனியில் அதே முருகனுக்கு ஆண்டிக் கோலமும் உண்டு, ராஜ கோலமும் உண்டு. காஸ்ப்ளேக்காரர்கள் 'எந்த வெர்ஷன்?' என்று கேட்கிறார்களே, அந்த வெர்ஷன்தான் இது. பெருமாளுக்கு நின்ற கோலம், இருந்த கோலம், கிடந்த கோலம் என்கிறோம். இங்கே கோலம் என்பது உடம்பு நிற்கும் நிலை, அவர்கள் மொழியில் போஸ். உடையும் உருவமும் நிலையும் ஒரே சொல்லுக்குள் வந்துவிடுகின்றன. இதன் முன்னால் 'புனை'யைச் சேர்த்துக்கொள்ளலாம். புனைதல் என்றால் அணிதல், அலங்கரித்தல், கையால் செய்தல், கதை கட்டுதல் எல்லாம்தான். புனைகதைப் பாத்திரத்தைக் கையால் செய்து அணிபவருக்கு இதைவிடப் பொருத்தமான வினை கிடையாது. ஆக, புனைகோலம்.

வாசல் கோலத்தோடு குழம்பாதா என்று கேட்பார்கள். வினைச்சொல் காப்பாற்றும்: அதைப் போடுகிறோம், இதைப் பூணுகிறோம். வரிசையில் நிற்கும் பதினெட்டு வயதுப் பையன் 'புனைகோலம் பூண்டிருக்கேன்' என்று சொல்வான் என்ற கனவு எனக்கு இல்லை. 'காஸ்ப்ளே பண்ணியிருக்கேன்' என்றுதான் சொல்வான், சொல்லட்டும். எழுதும்போது மட்டும் இந்தச் சொல்லைக் கொஞ்சம் புழங்கிப் பார்க்கலாம். ஒட்டவைத்த விக்கும் பாதி வண்ணம் அடித்த கவசமுமாக அவன் அறையைவிட்டு வெளியே வரும்போது, அகராதி எதையும் புரட்டாத அவன் அம்மா கேட்கப்போவதும் 'இது என்னடா கோலம்?' என்றுதான்.