அரை மணி, நான்கு நாள், அறுபது ஆண்டு: ஒரு படுகொலைச் செய்தி மக்களிடம் செய்யும் வேலை

1963 நவம்பர் 22, வெள்ளிக்கிழமை, பகல் 12:30. டல்லாஸ் நகரின் டீலி பிளாசாவில் அமெரிக்க ஜனாதிபதி கென்னடியின் காரை நோக்கித் துப்பாக்கி வெடித்தது. ஊர்வலத்தில் பின்னால் வந்துகொண்டிருந்த செய்தியாளர் காரில் இருந்தது ஒரே ஒரு ரேடியோ தொலைபேசி. அதை ஒட்டி முன்னிருக்கையில் யு.பி.ஐ. செய்தி நிறுவனத்தின் மெரிமன் ஸ்மித் உட்கார்ந்திருந்தார். மூன்று முறை சுடப்பட்டது என்று அவர் சொன்ன ஒற்றை வரி 12:34-க்கெல்லாம் நாடெங்கும் டெலிபிரிண்டர்களில் ஓடிவிட்டது. பின்னிருக்கையில் இருந்த, போட்டி நிறுவனமான ஏ.பி.யின் செய்தியாளர் போனைக் கேட்டு முதுகில் குத்தியும் ஸ்மித் விடவில்லை. “சரியாகக் கேட்கவில்லை, நான் சொன்னதைத் திரும்பப் படியுங்கள்” என்று தன் அலுவலகத்தையே வாசிக்கவைத்து நேரத்தைக் கடத்தினார். அடுத்த ஆண்டு அவருக்குப் புலிட்சர் பரிசு கிடைத்தது. (டல்லாஸின் அந்த 12:30 இந்திய நேரப்படி சரியாக நள்ளிரவு 12. அமெரிக்கா மதியச் சாப்பாட்டு நேரத்தில் அதிர்ந்தபோது இந்தியாவில் பெரும்பாலோர் தூக்கத்தில் இருந்தார்கள்.)

ஒரு தலைவர் கொல்லப்பட்டதும் ‘மக்கள் எப்படி எதிர்கொண்டார்கள்’ என்று கேட்பது வழக்கம். அது ஒரே கேள்வி போலத் தோன்றினாலும், அதற்குள் மூன்று வேறு நிகழ்வுகள் இருக்கின்றன. செய்தி பரவுவது நிமிடக் கணக்கு. உடலும் மனமும் குலைந்து மீள்வது நாள் கணக்கு. நினைவும் கருத்தும் உருவாவது ஆண்டுக் கணக்கு. ஒன்றுக்கான அளவுகோலால் மற்றொன்றை அளந்தால் கணக்கு தவறும். மூன்றுமே நன்றாக அளக்கப்பட்ட நிகழ்வு என்பதால் கென்னடி கொலை இன்றும் பாடமாக இருக்கிறது.

முதலில் பரவல். சிகாகோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த தேசியக் கருத்தாய்வு மையம் அடுத்த செவ்வாய்க்கிழமையே களத்தில் இறங்கி, ஏறத்தாழ ஒரு வாரத்துக்குள் நாடு முழுவதும் 1,384 பேரை நேரில் கண்டு விசாரித்தது. சுடப்பட்ட அரை மணி நேரத்துக்குள் 68 சதவீதம் பேருக்குச் செய்தி தெரிந்திருந்தது. இரண்டு மணி நேரத்துக்குள் பத்தில் ஒன்பது பேருக்கு மேல். கிழக்கு அமெரிக்க நேரப்படி மாலை 6 மணிக்கு 99.8 சதவீதம். கைபேசியும் இணையமும் இல்லாத காலம் அது.

இந்த வேகம் எங்கிருந்து வந்தது? கேள்விப்பட்டவர்களில் ஏறத்தாழ பாதிப்பேருக்கு முதலில் சொன்னது ரேடியோவோ டிவியோ அல்ல, இன்னொரு மனிதர். ஒரு கற்பனைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஆயிரம் பேர் வேலை செய்யும் இடத்தில் 30 பேர் காதில் ரேடியோச் செய்தி விழுகிறது. ஒவ்வொருவரும் ஐந்து நிமிடத்தில் புதிதாக இருவரிடம் சொல்கிறார்கள். தெரிந்தவர்கள் 90 ஆகிறார்கள், அடுத்த ஐந்தில் 270. அதற்கடுத்த சுற்றில் 810 வர வேண்டும், வராது. சொல்லப் போன இடத்தில் பலருக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கும். ஆகவே வரைபடம் செங்குத்தாக ஏறி, மேலே போகப்போக வளைந்து படுக்கிறது. தொற்றுநோய் பரவலுக்கும் இதே வளைவுதான். ஒலிபரப்பு மட்டும் இருந்தால் வளைவு வேறு மாதிரி இருக்கும்: அந்த நேரத்தில் பெட்டியை முடுக்கி வைத்திருந்தவர்கள் மொத்தமாக அறிவார்கள், மற்றவர்கள் அடுத்து எப்போது முடுக்குகிறார்களோ அப்போதுதான்.

எல்லாச் செய்தியும் இப்படி வாய்வழி ஓடாது. சான் ஹோசே நகரில் தொலைபேசியில் விசாரித்த ஆய்வாளர் பிராட்லி கிரீன்பர்க், வேறு பல செய்திகளோடும் ஒப்பிட்டு ஒரு வினோதத்தைக் கண்டார். ஊரில் சிலருக்கு மட்டுமே பொருட்டான சிறு செய்தி ஆள்வழியாகப் போகிறது. நடுத்தர முக்கியத்துவம் உள்ளது, அதாவது அன்றாட அரசியல், பத்திரிகையிலும் டிவியிலுமே நின்றுவிடுகிறது. அதை யாரும் ஓடிப்போய்ச் சொல்வதில்லை. எல்லோரையும் உலுக்கும் செய்தி வரும்போது மறுபடி மனிதர்கள் தூதுவர்கள் ஆகிறார்கள். முன்பின் தெரியாதவரிடம்கூட வலியப் போய்ச் சொல்லும் அளவுக்கு.

செய்தி எந்த மணிக்கு வெடிக்கிறது என்பதும் சமமான முக்கியம். ஸ்வீடன் பிரதமர் ஓலோஃப் பால்மே 1986 பிப்ரவரி 28 அன்று இரவு 11:21-க்கு ஸ்டாக்ஹோமின் ஸ்வேயாவேகன் தெருவில் சுடப்பட்டார். அன்றும் வெள்ளிக்கிழமைதான். ஆனால் வானொலியில் முதல் அறிவிப்பு வரும்போது மணி 1:10, டிவி பேசியது அதிகாலை 4 மணிக்கு. தேசம் தூங்கிக்கொண்டிருந்தது, விடிந்தால் விடுமுறை நாள். பக்கத்து மேசைக்காரர் இல்லை, பேருந்து நெரிசல் இல்லை. 1963-இன் அரை மணிநேரப் பாய்ச்சலுக்கு அங்கே வழியே இல்லை. பால்மே குறைவாக நேசிக்கப்பட்டவர் என்று இதிலிருந்து யாரும் முடிவுகட்டக் கூடாது. அவர் விழுந்த இடத்தில் சிவப்பு ரோஜாக்கள் மலையாகக் குவிந்தன.

முதல் மணி நேரத்தின் இன்னொரு குணம், அது பிழைகள் நிறைந்தது. கென்னடியோடு வந்த பாதுகாப்பு அதிகாரி ஒருவர் இறந்துவிட்டார், துணை ஜனாதிபதி ஜான்சனுக்கும் அடிபட்டிருக்கிறது என்றெல்லாம் ஒலிபரப்பானது. இரண்டும் பொய். 1981 மார்ச்சில் ரீகன் சுடப்பட்டபோது அவருடைய செய்தித் தொடர்பாளர் ஜேம்ஸ் பிரேடி மரணம் என்று பெரிய டிவி நிறுவனங்களே அறிவித்தன. பிரேடி 2014 வரை உயிரோடு இருந்தார். காரணம் சோம்பல் அல்ல. தகவல் வரும் வேகத்தைவிடத் தகவலுக்கான பசி வேகமாக வளர்கிறது, அந்த இடைவெளியை எது கிடைத்தாலும் நிரப்பிவிடுகிறது. கென்னடியின் மரணம் அதிகாரபூர்வமாக அறிவிக்கப்பட்டது 1:33-க்கு. அதாவது நாட்டில் மூன்றில் இரண்டு பங்கினர், பிழைத்தாரா இல்லையா என்று தெரியாமலே அரை மணிக்கும் மேல் காத்திருந்தார்கள். வதந்தி விளைய அதைவிட நல்ல நிலம் கிடையாது.

கருவிகளும் திணறின. சி.பி.எஸ். டிவி நிறுவனத்தின் செய்தி அறையில் கேமரா தயாராக இல்லை. அந்தக் காலத்துக் கேமராக் குழல் சூடேறிப் படம் தர ஏறக்குறைய 20 நிமிடம் ஆகும். அதனால் செய்தி வாசிப்பாளர் வால்டர் கிராங்கைட்டின் முதல் அறிவிப்புகளில் குரல் மட்டுமே வந்தது, திரையில் ஓர் எழுத்து அட்டை. வாஷிங்டனில் தொலைபேசி இணைப்புகள் தடுமாறின. சந்தாதாரர்களில் ஒரு சிறு பகுதியினரே ஒரே நேரத்தில் பேசுவார்கள் என்ற கணக்கில்தான் தொலைபேசி நிலையங்கள் கட்டப்படுகின்றன. எல்லோரும் சேர்ந்து ரிசீவரை எடுத்தால் டயல் டோன் வராது. டயல் டோன் வராததையே சதியின் அறிகுறியாகப் பேசியவர்களும் உண்டு. நியூயார்க் பங்குச் சந்தை அந்நகர நேரப்படி 2:07-க்கு (டல்லாஸில் 1:07) மூடப்பட்டது. அதற்குள் டோ ஜோன்ஸ் பங்குக் குறியீடு 21 புள்ளி, கிட்டத்தட்ட 3 சதவீதம், இறங்கியிருந்தது. அடுத்த வணிக நாளான செவ்வாய்க்கிழமை இழந்ததற்கு மேலாகவே ஏறிவிட்டது. முதல் நாள் பீதியை எதிர்காலக் கணிப்பாக எடுத்துக்கொண்டு விற்றவர்கள்தான் நட்டப்பட்டார்கள்.

இரண்டாவது, நாள் கணக்கு. சிகாகோ ஆய்வாளர்கள் துக்கத்தைப் பொத்தாம்பொதுவாகக் கேட்கவில்லை. உடல் அறிகுறிகளின் பட்டியலைக் கொடுத்து, எது எது இருந்தது என்று கேட்டார்கள். பதற்றமும் இறுக்கமும் 68 சதவீதம் பேருக்கு, மரத்துப்போன உணர்வு 57, அழுதவர்கள் 53, தூக்கம் கெட்டவர்கள் 48, சாப்பிடத் தோன்றாதவர்கள் 43, வழக்கத்தைவிட அதிகம் புகைத்தவர்கள் 29. சொந்த வீட்டில் சாவு விழுந்தவர்களுக்கு வரும் அறிகுறிகள்தான் இவை. அபாய உணர்வு வந்ததும் அட்ரினலின், கார்ட்டிசோல் என்ற ஹார்மோன்கள் சுரக்கின்றன; இரைப்பைக்குப் போகும் ரத்தம் குறைகிறது, தூக்கம் தள்ளிப்போகிறது. இறந்தவர் நேரில் பார்த்தறியாத ஒருவர் என்பது இந்தச் சுரப்பிகளுக்குப் பொருட்டில்லை.

ஆனால் எவ்வளவு நாள்? நேர்காணல் நடந்த நாட்களிலேயே எண்கள் வெகுவாக இறங்கியிருந்தன. அதற்கு ஒரு முக்கியக் காரணம், அந்த நான்கு நாட்கள் ஒழுங்கான ஓர் ஈமச்சடங்கு போல நடந்து முடிந்தது. விளம்பரங்களை நிறுத்திவிட்டு டிவி நிறுவனங்கள் தொடர்ந்து ஒளிபரப்பின. டிவி பார்ப்பவர்களைக் கணக்கெடுக்கும் நீல்சன் நிறுவனத்தின்படி ஒரு வீட்டில் சராசரியாக 31.6 மணி நேரம் பெட்டி ஓடியது. சவப்பெட்டி, ஊர்வலம், அடக்கம் என்று படிப்படியாக ஒரு முடிவு கண்ணில் பட்டது. நடுவில் ஞாயிற்றுக்கிழமை, கொலையாளி என்று கைதாகியிருந்த ஆஸ்வால்டை ஜாக் ரூபி என்பவர் சுட்டுக் கொன்றது என்.பி.சி.யில் நேரலையாகவே போனது.

இங்கே நினைவின் கதைக்கு வருகிறோம். இதுதான் மூன்றிலும் சுவையானது. ‘அப்போது நான் எங்கே இருந்தேன்’ என்பதை மக்கள் துல்லியமாகச் சொல்வது புதிதல்ல. லிங்கன் கொல்லப்பட்டு 33 ஆண்டுகள் கழித்து எஃப். டபிள்யூ. கோல்குரோவ் 179 பேரை விசாரித்தார். 127 பேர் இடம், நேரம், சொன்னவர் பெயர் சகிதம் விவரித்தார்கள். 1977-இல் உளவியலாளர்கள் ரோஜர் பிரவுனும் ஜேம்ஸ் குலிக்கும் இதற்கு ஃப்ளாஷ்பல்ப் நினைவு என்று பெயரிட்டார்கள். அவர்கள் கேட்ட 80 பேரில் 79 பேருக்குக் கென்னடிச் செய்தி அப்படிப் பதிந்திருந்தது. மார்ட்டின் லூதர் கிங் கொலையில் கணக்கு பிரிந்தது: கறுப்பினத்தவர் 40 பேரில் 30 பேர், வெள்ளையர் 40 பேரில் 13 பேர். யாருடைய வாழ்க்கையை அந்தச் சாவு தொடுகிறதோ அவர்களிடம்தான் பதிவு ஆழம். மூளை அந்தக் கணத்தை அப்படியே படமெடுத்து வைக்கிறது என்று இருவரும் கருதினார்கள்.

படமெடுப்பது உண்மையா என்று பார்க்க, முதல் நாள் வாக்குமூலம் கையில் இருக்க வேண்டும். அது அவர்களிடம் இல்லை. 1986-இல் சேலஞ்சர் விண்ணோடம் வெடித்த மறுநாளே உளவியலாளர் உல்ரிக் நைசர் மாணவர்களிடம் எழுதி வாங்கி வைத்துக்கொண்டார். இரண்டரை ஆண்டு கழித்து 44 பேரிடம் அதே கேள்விகள். கால்வாசிப் பேர் முக்கிய விவரங்கள் அத்தனையிலும் தவறு, ஆனால் நம்பிக்கையில் குறைவில்லை. பிழைகளுக்கும் ஒரு திசை இருந்தது: நண்பர் சொல்லிக் கேட்டதாக முதலில் எழுதியவர்கள், பிறகு டிவியில் பார்த்ததாகச் சொன்னார்கள். அட்ரினலின் தூண்டும்போது மூளையில் உணர்ச்சியைக் கையாளும் அமிக்டலா, நினைவைப் பதியும் ஹிப்போகாம்பஸை உசுப்பி நிகழ்வின் மையத்தை ஆழமாகப் பதியவைக்கிறது. ஓரத்து விவரங்களுக்கு அந்தச் சலுகை கிடையாது. பிறகு ஒவ்வொரு முறை சொல்லும்போதும் கதை சற்றே திருத்தப்பட்டு, திருத்திய பிரதியே மீண்டும் சேமிக்கப்படுகிறது. கென்னடி சுடப்பட்டதை அன்றே டிவியில் நேரலையாகப் பார்த்ததாக யாராவது சொன்னால் கோபப்படத் தேவையில்லை. அப்படி ஓர் ஒளிபரப்பு நடக்கவே இல்லை. கொலை நடந்த கணத்தை ஸாப்ருடர் என்ற பார்வையாளர் எடுத்த படச்சுருள் தேசிய டிவியில் ஓடியது 1975 மார்ச்சில்தான். ஆஸ்வால்ட் நேரலையும் பின்னாளில் பார்த்த படமும் ஒன்றாகக் கலந்திருக்கும்.

கருத்தாய்வுகளும் இதே குழியில் விழுகின்றன. 1960 தேர்தலில் கென்னடி பெற்றது 49.7 சதவீத வாக்கு. கொலைக்குப் பின் கேட்டபோது, அவருக்கே வாக்களித்ததாகச் சொன்னவர்கள் மூன்றில் இரண்டு பங்கை நெருங்கினார்கள். எல்லோரும் வேண்டுமென்றே பொய் சொன்னார்கள் என்று கொள்ள வேண்டியதில்லை. இன்றைய உணர்வுக்கு ஏற்றாற்போலப் பழைய நடத்தை மாறிவிடுகிறது. ஆகவே இப்படி ஒரு நிகழ்வுக்குப் பின் ஆய்வு செய்பவர்கள் 24 முதல் 48 மணி நேரத்துக்குள் முதல் வாக்குமூலத்தை எழுத்தில் வாங்க வேண்டும், அதே சொற்களில் மாதங்கள் கழித்துத் திரும்பக் கேட்க வேண்டும், அன்றைய சாதாரண நிகழ்வு ஒன்றையும் ஒப்பீட்டுக்குக் கேட்டு வைக்க வேண்டும். 2001 செப்டம்பர் 12 அன்று டியூக் பல்கலைக்கழகத்தில் 54 மாணவர்களிடம் அப்படிச் செய்தபோது, இரட்டைக் கோபுர நினைவும் சாதாரண நாளின் நினைவும் ஒரே வேகத்தில் தேய்ந்தது தெரிந்தது. தேயாமல் நின்றது நம்பிக்கை மட்டும்.

சதிக் கோட்பாடு இந்தக் கால ஓட்டத்தில் குறைய வேண்டும் என்று தோன்றும். குறையவில்லை. கேலப் என்ற கருத்துக்கணிப்பு நிறுவனத்தின் கணக்கில், இன்னும் சிலர் சேர்ந்து செய்தது என்று நம்பியவர்கள் 1963-இல் 52 சதவீதம், 1976-இல் 81, 2023-இல் 65. ஆஸ்வால்ட் கொல்லப்பட்டதால் நீதிமன்ற விசாரணையே நடக்காமல் போனது ஒரு காரணம். இன்னொன்றை 1979-இல் வந்த ஒரு சோதனை காட்டியது: தாக்குதல் தோற்றதாகச் சொன்னதைவிட வென்றதாகச் சொன்னபோது சதி என்று நினைத்தவர்கள் அதிகம். தனி ஆளைவிடக் கூட்டத்துக்கு வெற்றி எளிது என்ற எண்ணம் அதற்குள் இருக்கிறது. அதை முழு மூடத்தனம் என்று தள்ள முடியாது.

கொலைக்கான நோக்கம் தெளிவாகத் தெரிந்துவிட்டால் எதிர்வினை வேறு பாதையில் போகும். 2022 ஜூலை 8 அன்று ஜப்பானின் நாரா நகரில் முன்னாள் பிரதமர் ஷின்சோ அபே கையால் செய்த துப்பாக்கியால் சுடப்பட்டார். அடுத்த நாள் இந்தியாவிலும் தேசியக் கொடி அரைக்கம்பத்தில் பறந்தது. ஆனால் தன் தாய் யூனிஃபிகேஷன் சர்ச் என்ற மத அமைப்புக்குப் பெரும் தொகையை வாரிக் கொடுத்துக் குடும்பம் நொடித்துப்போனதே காரணம் என்று கொலையாளி சொன்னது வெளியானதும், பேச்சு ஆளுங்கட்சிக்கும் அந்த அமைப்புக்கும் உள்ள தொடர்பின் பக்கம் திரும்பியது. செப்டம்பர் 27 அன்று டோக்கியோ புடோகான் அரங்கில் அரசு இறுதிச் சடங்கு நடந்தபோது வெளியே மலர் வைக்க நீண்ட வரிசை நின்றது, இன்னொரு பக்கம் எதிர்ப்பு ஊர்வலமும் போனது. பல கருத்துக்கணிப்புகளில் அந்தச் சடங்கை எதிர்த்தவர்களே அதிகம்.