தணிக்கையா, பறிமுதலா?

சர்ச்சைக்குள்ளான எந்த நூலைப் பற்றிப் பேச்சு வந்தாலும், ‘அந்தப் புத்தகம் தணிக்கை செய்யப்பட்டது’ என்று சொல்வது நாகர்கோவில் இலக்கியக் கூட்டங்களில் வழக்கமாகிவிட்டது. பெரும்பாலான வேளைகளில் அதை எவரும் தணிக்கை செய்திருக்க மாட்டார்கள். அரசு பறிமுதல் செய்திருக்கும், அல்லது வழக்குக்கு அஞ்சிப் பதிப்பகமே விற்பனையை நிறுத்தியிருக்கும்.

தணிக்கை உருது வழியாக வந்த சொல். தெலுங்கில் தனிகீ என்றும் கன்னடத்தில் தனிகெ என்றும் சோதனை, விசாரணை என்னும் பொருளில் வழங்குகிறது. அதற்கு ஈடாக ஆங்கிலத்தில் வழங்கும் சென்சார் என்பது, பண்டை ரோமில் குடிமக்களையும் சொத்தையும் கணக்கெடுத்து, ஒழுக்கத்தையும் கண்காணித்த அதிகாரியின் பதவிப்பெயர்.

தனித்தமிழ் அன்பர்கள் சிலர், தணிக்கை ‘தணி’ என்னும் வினையடியாகப் பிறந்தது, சூடான கருத்தை ஆறச்செய்வதே தணிக்கை, ஆகவே எல்லா வகைத் தடைக்கும் அது பொருந்தும் என்று வாதிடுகிறார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஊராட்சிக் கணக்கைத் தணிக்கை செய்ய வருபவர் எந்தச் சூட்டைத் தணிக்கிறார்? (இலங்கைத் தமிழர் அதைக் கணக்காய்வு என்று பிரித்து, குழப்பத்தில் பாதியைத் தீர்த்துக்கொண்டார்கள்.) வேர் பிறமொழி என்பதற்காகச் சொல்லைக் கைவிட வேண்டும் என்பதும் என் கட்சியன்று. வெளிவருமுன் ஒருவர் பார்த்து, வெட்டியோ முழுமையாகவோ அனுமதிப்பது தணிக்கை. அந்த வரம்பைக் காத்தால் போதும். திரைப்படத்துக்கு 1952ஆம் ஆண்டுச் சட்டப்படி அது உண்டு. நெருக்கடிநிலையில் செய்தித்தாள்களுக்கும் இருந்தது. நூலுக்கோ இந்தியாவில் முன்னனுமதி எதுவும் தேவையில்லை. அச்சாகி வந்தபின், 2024 முதல் நடப்பிலுள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 98ஆம் பிரிவின்படி (முந்தைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 95) மாநில அரசு காரணங்காட்டி அறிவிக்கை வெளியிட்டுப் படிகளைப் பறிமுதல் செய்யலாம். இரண்டு மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்தில் அதை எதிர்க்கலாம். 1928இல் பாரதியின் பாடல் நூல்களுக்கு நேர்ந்ததும் பறிமுதலே.

1949 வரை திருவிதாங்கூரிலும் பின்னர் 1956 வரை திருவிதாங்கூர்-கொச்சியிலும் இருந்த எங்கள் கன்னியாகுமரி மாவட்டத்தில், மலையாளம் கற்ற விளவங்கோட்டுப் பெரியவர்களுக்குப் பறிமுதலுக்கு இன்னொரு சொல்லும் தெரியும். 1910இல் ‘சுவதேசாபிமானி’ இதழின் அச்சகத்தை அரசு ‘கண்டுகெட்டி’ (பறிமுதல் செய்து), ஆசிரியர் ராமகிருஷ்ண பிள்ளையை நாடு கடத்தியது என்றுதான் மலையாளத்தில் எழுதுவார்கள். அதைத் தமிழில் புகுத்தச் சொல்லவில்லை; அங்கே எவரும் அதைத் தணிக்கையோடு குழப்பிக்கொள்வதில்லை என்பதைக் கவனிக்கலாம்.

நாகர்கோவில் பதிப்பகம் ஒன்று வெளியிட்ட பெருமாள்முருகனின் ‘மாதொருபாகன்’ நாவலையும் ‘தணிக்கைக்குள்ளான நூல்’ என்கிறார்கள். 2015 ஜனவரியில் நாமக்கல்லில் நடந்த அமைதிப் பேச்சுவார்த்தைக்குப் பின் ஆசிரியர் அதைத் திரும்பப் பெற ஒப்புக்கொண்டார். 2016இல் சென்னை உயர் நீதிமன்றம் தடை விதிக்க மறுத்தது. இதில் தணிக்கையும் இல்லை, பறிமுதலும் இல்லை. நெருக்குதலால் நேர்ந்த திரும்பப்பெறல் மட்டுமே இருக்கிறது.

தேவைக்கேற்பச் சில படிகள் மட்டும் அச்சிடும் இக்காலத்தில், பறிமுதல் செய்யக் கிடங்கில் கட்டுகளே இருப்பதில்லை. மின்னூலை இணையக் கடை சத்தமின்றிப் பட்டியலிலிருந்து எடுத்துவிடும். அதற்கு ‘விற்பனை நீக்கம்’ என்று எழுதலாம். நம் மொழிபெயர்ப்பாளர்கள் ‘தணிக்கை செய்யப்பட்டது’ என்று எழுவாயை விழுங்கிவிடுவதால், செய்தது அமைச்சரா, பதிப்பாளரா, கடைக்காரரா என்பது வாசகருக்குக் கடைசிவரை தெரிவதில்லை.