இன்ஸ்டாகிராமில் போடுவதற்கு முன் விண்ணப்பியுங்கள்

ஒரு நகையின் அல்லது துணியின் வடிவமைப்பை இந்தியாவில் பதிவு செய்ய வேண்டுமானால், விண்ணப்பிக்கும் நாளுக்கு முன் அது உலகில் எங்குமே வெளியாகியிருக்கக் கூடாது. வடிவமைப்புச் சட்டம் 2000, 4-ஆவது பிரிவில் இப்படிச் சொல்கிறது. வெளியிட்டவர் நீங்களே என்றாலும் சலுகை கிடையாது. தாமே வரைந்து, உள்ளூர்ப் பட்டறையில் செய்து, சிறிய அளவில் விற்கும் வடிவமைப்பாளர்களுக்காக வழக்காடும் எனக்கு மிகவும் வேதனை தரும் சட்டப்பிரிவு இதுதான். ஏனென்றால், அவர்களில் பெரும்பாலானோர் என்னிடம் வருவது படம் வெளியாகி, பாராட்டுகள் குவிந்து, நகலும் சந்தைக்கு வந்த பிறகு.

கோவையிலிருந்து வந்த ஒரு பெண்ணின் அனுபவத்தைச் சொல்கிறேன். பனங்குருத்தின் மடிப்புகளைப் பார்த்து வெள்ளியில் ஒரு காதணி வடிவமைத்தார். மடிப்பு கூர்மையாக விழவும் வேண்டும், காதில் கனக்கவும் கூடாது. அதற்காக ஆசாரியின் அருகிலேயே உட்கார்ந்து திரும்பத் திரும்பச் செய்து பார்த்திருக்கிறார். முதல் ஜோடி முடிந்ததும் இன்ஸ்டாகிராமில் படம் போட்டார். சில மாதங்களில் அதே மடிப்பு, அதே வளைவு, பித்தளையில் முலாம் பூசி வேறொரு கடையில் விற்பனைக்கு வந்தது. அவர் கேட்ட ஒரே கேள்வி: “நான்தான் முதலில் செய்தேன் என்பதற்கு அந்தப் படமே சாட்சி இல்லையா?” சாட்சிதான். ஆனால் பதிவுக்கு அந்தப் படமே தடையும் ஆகிவிட்டது. நட்டம் அவரோடு நிற்கவில்லை. அவருக்காக வேலை செய்த பட்டறைக்கும் ஆர்டர்கள் குறைந்தன.

வெளிநாட்டுக் கட்டுரைகளைப் படித்துவிட்டு, “ஓராண்டு அவகாசம் உண்டாமே” என்று பலர் கேட்கிறார்கள். அமெரிக்காவிலும் ஐரோப்பிய ஒன்றியத்திலும் உண்டு. வடிவமைப்பாளர் தாமே வெளியிட்ட பிறகு 12 மாதங்களுக்குள் அங்கே விண்ணப்பிக்கலாம். நம் சட்டத்தில் அரசு அறிவித்த கண்காட்சிகளுக்கு 6 மாத விலக்கு இருக்கிறது. அதற்கும் வடிவமைப்புப் பதிவைக் கவனிக்கும் அரசு அதிகாரியான கட்டுப்பாட்டாளருக்கு முன்கூட்டியே தெரிவித்திருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் கடை போடுவது இதில் சேராது.

“பதிவு இல்லாவிட்டால் என்ன, பதிப்புரிமை இருக்கிறதே” என்பது அடுத்த வாதம். பதிப்புரிமைச் சட்டம் 1957-இன் 15-ஆவது பிரிவை இங்கே கவனமாகப் படிக்க வேண்டும். பதிவு செய்யத் தக்க ஒரு வடிவமைப்பைப் பதிவு செய்யாமல் விட்டு, அதை இட்ட பொருளைத் தொழில்முறையில் 50 தடவைக்கு மேல் உற்பத்தி செய்துவிட்டால், அந்த வடிவமைப்பின் பதிப்புரிமை போய்விடும். டெல்லி உயர் நீதிமன்றத்தின் இரண்டு தீர்ப்புகள் இதைத் தெளிவாகக் காட்டுகின்றன. ஆடை வடிவமைப்பாளர் தருண் தஹிலியானியின் நிறுவனம் தொடுத்த வழக்கில், உடைகள் 50 என்ற எண்ணிக்கையைத் தாண்டவில்லை. நகலெடுத்தவருக்கு விதிக்கப்பட்ட தடையை 2008-இல் இரு நீதிபதிகள் அமர்வு உறுதி செய்தது. புகழ்பெற்ற ஆடை வடிவமைப்பாளர் ரிது குமாரின் வடிவமைப்புகளைச் சந்தைப்படுத்தும் ரிதிகா நிறுவனம், பிபா என்ற ஆடை நிறுவனத்தின் மீது தொடுத்த வழக்கு 2016-இல் தள்ளுபடியானது. பதிவும் இல்லை, எண்ணிக்கையும் 50-ஐக் கடந்துவிட்டது. அவ்வளவு பெரிய பெயருக்கே அந்த நிலை. எனவே ஒவ்வொரு வடிவமைப்பையும் எத்தனை செய்தீர்கள் என்று தனியாக ஒரு நோட்டில் தேதியோடு எழுதி வையுங்கள். ஒன்றிரண்டு மட்டுமே செய்யும் கலைஞருக்கு அந்த நோட்டே நீதிமன்றத்தில் கைகொடுக்கும்.

பதிவு பயப்படும்படியான காரியம் அல்ல. பதிவைச் செய்யும் காப்புரிமை அலுவலகத்தின் வடிவமைப்புப் பிரிவு கொல்கத்தாவில் இருந்தாலும் விண்ணப்பத்தை இணையத்திலேயே அனுப்பலாம். தனிநபருக்கு அரசுக் கட்டணம் 1,000 ரூபாய். நகையைப் பல கோணங்களில் காட்டும் தெளிவான படங்கள் வேண்டும். பதிவானால் 10 ஆண்டு உரிமை, பிறகு 5 ஆண்டு நீட்டிக்கலாம். எல்லாவற்றையும் பதிவு செய்யச் சொல்லி உங்கள் பணத்தைக் கரைக்க நான் விரும்பவில்லை. ஒரு தொகுப்பில் எது நெடுநாள் விற்கும், எதைப் பார்த்ததும் உங்கள் பெயர் நினைவுக்கு வரும் என்று பாருங்கள். அந்த இரண்டு மூன்று போதும். பதிவு எண்ணை நகையில் குறிப்பிட மறக்காதீர்கள். குறிக்காவிட்டால் பின்னால் இழப்பீடு கேட்பது கடினமாகிவிடும்.

நகல் எப்போதும் இணையத்திலிருந்துதான் கிளம்புகிறது என்று நினைக்க வேண்டாம். வார்ப்புக்குக் கொடுக்கும் நகைகளில் கசிவு பெரும்பாலும் ரப்பர் மோல்டில், அதாவது நகையின் மெழுகு மாதிரியை எடுக்கும் அச்சில், நிகழ்கிறது. மோல்டு வார்ப்புக் கடையின் அலமாரியில் இருக்கும் வரை யாருக்காகவும் மெழுகு இழுத்து வார்க்கலாம். மோல்டு யாருடையது, வேலை முடிந்ததும் திருப்பித் தர வேண்டுமா என்பதை ஒரு பக்கத்தில் எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். நம்பிக்கையின் பேரில் ஆசாரியிடமோ வார்ப்பவரிடமோ காட்டுவதைச் சட்டம் வெளியீடாகக் கொள்வதில்லை. அந்த நம்பிக்கை எழுத்தில் இருந்தால் நிரூபிப்பது எளிது. பல ஆண்டு பழகிய ஆசாரியிடம் காகிதத்தை நீட்டச் சங்கடமாக இருக்கும் என்கிறார்கள். புரிகிறது. அவருடைய கூலியையும் முன்பணத்தையும் அதே காகிதத்தில் எழுதுங்கள். அவருக்கும் அது பாதுகாப்பு.

இன்னொன்றையும் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். மாங்காய், அன்னம், யாளி ஆகியவற்றின் மரபு வடிவங்களைத் தம் பெயரில் பதிவு செய்து தரும்படி கேட்பவர்களை நான் திருப்பி அனுப்பிவிடுகிறேன். அவை புதியவை அல்ல, பதிவானாலும் ரத்தாகும். தோடர்களின் பூத்தையலுக்கும் நாகர்கோவில் கோயில் நகைக்கும் புவிசார் குறியீடு இருக்கிறது. அந்தப் பெயர்களில் விற்க விரும்பினால், அவற்றைச் செய்பவர்களிடமே வேலையைக் கொடுங்கள், உரிய கூலியோடு. மரபிலிருந்து எடுத்து உங்கள் கற்பனையால் அடையாளம் தெரியும்படி மாற்றிய பகுதிக்குத்தான் நீங்கள் உரிமை கேட்க முடியும்.

ஏற்கெனவே படம் வெளியாகிவிட்டதா? நகல் விற்பவர் நீங்கள் எடுத்த புகைப்படத்தையே பயன்படுத்தியிருக்கிறாரா என்று முதலில் பாருங்கள். பெரும்பாலும் அப்படித்தான் செய்திருப்பார். புகைப்படத்தின் பதிப்புரிமை தனி. அதற்கு 50 என்ற கணக்கு பொருந்தாது. அந்த உரிமையைக் காட்டி, விற்பனைத் தளத்துக்கு நீக்கக் கோரிக்கை அனுப்பலாம். ஸ்கிரீன்ஷாட் எடுத்து, இணைப்பையும் தேதியையும் சேமித்த பிறகே அனுப்புங்கள். நகலெடுத்தவரிடம் முதலில் சண்டைக்குப் போனால், அவர் எல்லாவற்றையும் அழித்துவிட்டு வேறு பெயரில் வந்துவிடுவார்.