காசு கேட்காத கேள்விகள்

பினாங்கு லிட்டில் இந்தியாவில் எந்தக் கடைக்குள் நுழைந்தாலும், கல்லாவுக்குப் பக்கத்தில், சாமி படத்துக்குக் கீழே, இளஞ்சிவப்பில் ஒரு கியூஆர் அட்டை நிற்கும். போனை அதன் முன் பிடித்தால் பணம் போய்விடும் என்பது இன்று பாட்டிமார்களுக்கும் தெரியும். ஆனால் அந்தக் கட்டத்துக்குள் என்னதான் எழுதியிருக்கிறது?

ஒரே ஒரு நீள வரி. பெரும்பாலும் எண்கள்; 000201 என்று தொடங்கும். முதலில் என்ன தகவல் என்பதைச் சொல்லும் இரண்டு இலக்கம், அடுத்து அதன் நீளத்தைச் சொல்லும் இரண்டு இலக்கம், பிறகு தகவல். இப்படியே வரிசையாகப் போகும். நடுவில் 5303458 என்று ஒரு துண்டு வரும். 53 என்றால் இனி வருவது நாணயத்தின் குறியீடு, 03 என்றால் அது மூன்று இலக்கம், 458 என்றால் மலேசிய ரிங்கிட். 58-க்குப் பின்னால் நாடு, 59-க்குப் பின்னால் கடையின் பெயர், 60-க்குப் பின்னால் ஊர். கடைசியில் 63: அதுவரை வந்த எழுத்துகளையெல்லாம் ஒரு கணக்கில் போட்டு எடுத்த நான்கெழுத்துச் சரிபார்ப்பு. தாய்லாந்திலும் சிங்கப்பூரிலும் இந்தோனேசியாவிலும் கடைகளில் ஒட்டியிருக்கும் கட்டங்களும் இதே இலக்கணத்தில்தான் எழுதப்படுகின்றன. அதனால்தான் எல்லை தாண்டியும் போன் அதைப் படித்துவிடுகிறது.

கியூஆர் கட்டத்தை 1994-இல் ஜப்பானின் டென்சோ நிறுவனத்தில் மசாஹிரோ ஹாராவும் அவருடைய குழுவினரும் உருவாக்கினார்கள். கார் உதிரிபாகங்களைக் கணக்கு வைக்கத்தான் அது பிறந்தது. எழுத்துகளோடு கூடுதல் கணக்குகளும் உள்ளே கலந்திருப்பதால், மிக உயர்ந்த நிலையில் அச்சிட்டால் கட்டத்தில் ஏறத்தாழ 30 விழுக்காடு அழிந்தாலும் மீதியை வைத்து முழு வரியையும் மீட்டுவிடலாம். குழம்பு தெறித்த அட்டையும் வேலை செய்வது இதனால்தான்.

இதில் கவனிக்க வேண்டியது, அந்த வரியில் ரகசியம் எதுவும் இல்லை என்பது. பூட்டு இல்லை, கையெழுத்து இல்லை. கடையில் ஒட்டியே இருக்கும் அட்டையில் தொகையும் இருக்காது. யார் வேண்டுமானாலும் தன் கணக்கு எண்ணைப் போட்டு இன்னொன்றை அச்சடித்து மேலே ஒட்டிவிடலாம். சரிபார்ப்பு எழுத்துகூட அப்போது சரியாகவே இருக்கும், ஏனென்றால் அது அச்சுப் பிழையைத்தான் கண்டுபிடிக்கும், ஆளை அல்ல. பணம் அனுப்பும் முன் திரையில் வரும் பெயரைப் படிப்பது ஒன்றுதான் நமக்குள்ள காவல். கடைக்காரர்கள் காலையில் கடை திறந்ததும் அட்டையை விரலால் ஒருமுறை தடவிப் பார்ப்பதும் நல்ல பழக்கம்.

சரி, பணம் எப்படிப் போகிறது? போன் அந்த வரியை நம் வங்கிக்கோ மின்பணப்பைக்கோ அனுப்புகிறது. வங்கி முதலில் கேட்பது, நீ யார்? விரல் ரேகையோ ஆறு இலக்க எண்ணோ அதற்குப் பதில். அடுத்து, உன்னிடம் இருக்கிறதா? இருப்பு பார்க்கப்படுகிறது. பிறகு செய்தி பேநெட்டுக்குப் போகிறது. மலேசியாவின் மத்திய வங்கியான பேங்க் நெகாராவும் உள்நாட்டு வங்கிகளும் பங்குதாரர்களாக இருக்கும் இந்த நிறுவனம் 2017-இல் இரண்டு பழைய அமைப்புகளை இணைத்து உருவானது. அந்த இளஞ்சிவப்பு அட்டைக்குப் பின்னால் உள்ள டுயிட்நவ் பணப் பரிமாற்றச் சேவை இதனுடையது. எந்த வங்கியிலிருந்து எந்த வங்கிக்கு என்று வழிகாட்டும் நாற்சந்தி இது. அங்கிருந்து கடைக்காரரின் வங்கிக்குச் செய்தி போய், அங்கே வரவு வைத்து, ‘சரி’ என்ற பதில் வந்த வழியே திரும்பி வர வேண்டும். இத்தனையும் சில நொடிகளில்.

இந்த ஓட்டத்தில் நடுவே இணையம் அறுந்தால் என்ன ஆகும்? போன வாரம் ஒட்டுக்கடையில் தோசைக்கும் தேநீருக்கும் ஏழு ரிங்கிட் அனுப்பினேன். என் திரையில் சக்கரம் சுற்றிக்கொண்டே இருந்தது.

“அக்கா, எனக்குக் காசு கழிஞ்சிடுச்சு போல இருக்கு. உங்களுக்கு வந்துச்சா?”

“சத்தம் வரலையே தம்பி. பரவாயில்ல, உக்காந்து குடிங்க, வரும்.”

அவர் சொன்ன ‘சத்தம்’, கல்லாவில் இருந்து தொகையைப் படித்துச் சொல்லும் சின்னப் பெட்டியினுடையது. வாடிக்கையாளர் நீட்டும் திரையில் ‘வெற்றி’ என்று இருப்பது எதற்கும் சான்று ஆகாது. பழைய படத்தைக்கூடக் காட்டலாம். பெட்டி பேசினால் பணம் கடைக்காரரின் கணக்கில் ஏறிவிட்டது என்று பொருள். அதனால்தான் அந்தச் சத்தத்தை அவர் அவ்வளவு நம்புகிறார்.

அன்று சில நிமிடங்களில் பெட்டி பேசியது. பின்னால் நடந்தது இதுதான்: ஒவ்வொரு பரிமாற்றத்துக்கும் தனியாக ஓர் எண் கொடுக்கப்படுகிறது. பதில் வராமல் போனால் வங்கி அதே எண்ணைச் சொல்லி ‘இது என்ன ஆயிற்று?’ என்று கேட்கும். முன்பே வரவு வைக்கப்பட்டிருந்தால் இரண்டாம் முறை வைக்க மாட்டார்கள். வைக்கப்படவே இல்லையென்றால் அனுப்பியவருக்குத் திரும்பிவிடும். பணம் இரட்டிப்பாவதும் இல்லை, காணாமல் போவதும் இல்லை. ஆனால் விடை தெரியும்வரை உள்ள இடைவெளியை இயந்திரம் நிரப்பாது. அன்று அதை நிரப்பியது அக்காவின் ‘உக்காந்து குடிங்க’ தான்.

காசுக்கும் புதுப் பணத்துக்கும் உள்ள வேறுபாடு எனக்கு இங்கேதான் தெளிவாகத் தெரிகிறது. ரிங்கிட் நோட்டு யாரையும் எதுவும் கேட்பதில்லை. கையில் இருந்தால் செல்லும். புதுப் பணம் ஒவ்வொரு முறையும் யாரையாவது கேட்டுவிட்டுத்தான் நகரும். கேள்வி இருந்தால் பதில் சொல்ல ஒருவர் வேண்டும், இரண்டுக்கும் நடுவில் அறுபடாத கம்பி வேண்டும். ரொக்கமில்லாப் பணத்தின் நன்மைகளும் வலிகளும் பெரும்பாலும் இந்த ஒரு வேறுபாட்டிலிருந்தே கிளைக்கின்றன.

எல்லா மின்பணமும் ஒரே அளவில் கேள்வி கேட்பதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 1997-இல் வந்த டச் அண்ட் கோ அட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். அதற்குள் பேட்டரி இல்லை. அட்டையின் ஓரத்தைச் சுற்றி மெல்லிய கம்பிச் சுருள் ஓடுகிறது. டோல் சாவடியிலோ ரயில் வாயிலிலோ உள்ள கருவி நொடிக்கு ஒரு கோடியே 35 லட்சத்துக்கும் மேற்பட்ட முறை திசை மாறும் காந்தப் புலத்தைப் பரப்புகிறது. அட்டை அதற்குள் வந்ததும் சுருளில் மின்சாரம் பிறக்கிறது. அந்தத் துளி மின்சாரத்தில் சில்லு விழித்துக்கொள்கிறது. கருவியும் சில்லும் ஒன்றையொன்று சோதித்துக்கொண்டபின், மீதித் தொகையைப் படித்து, கட்டணத்தைக் கழித்து, புதுத் தொகையை அங்கேயே எழுதிவிடும். எந்த வங்கியையும் அந்த நேரத்தில் கேட்க வேண்டியதில்லை. பணம் அட்டைக்குள்ளேயே இருக்கிறது. பரிமாற்ற விவரங்களைக் கருவி பிறகு மொத்தமாக அனுப்பிக்கொள்ளும்.

கேட்காமல் நகர்வதில் இந்தப் பழைய அட்டை இன்றைய செயலியைவிடக் காசுக்கு நெருக்கமான உறவு. அதன் குறையும் காசின் குறைதான்: யார் எடுத்துத் தொட்டாலும் செல்லும்.

அட்டையும் செயலியும் வந்தபின் மனிதக் கைகள் இருந்த இடங்கள் ஒவ்வொன்றாகக் காலியாயின. பிளஸ் நெடுஞ்சாலை டோல் சாவடிகளில் 2017-இலிருந்து ரொக்கம் வாங்குவதில்லை. பட்டர்வொர்த் படகுத்துறையில் 1.20 ரிங்கிட்டுக்குச் சில்லறை மாற்ற நின்ற வரிசை பினாங்கில் வளர்ந்த எவருக்கும் மறக்காது. 2023-இல் வந்த புதுப் படகுகளுக்கு ரொக்கமே தேவையில்லை. வரிசை குறைந்தது, கணக்கில் ஓட்டை குறைந்தது. இதையெல்லாம் குறையாகச் சொல்ல மாட்டேன். சாவடியில் நாள் முழுக்கப் புகையைச் சுவாசித்துச் சில்லறை எண்ணும் வேலை யாருக்கும் கிடைக்கக் கூடாத வேலை. அந்த வேலையில் இருந்தவர்களுக்கு வேறு நல்ல வேலை கிடைத்ததா என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி.

அண்மையில் பணம் மூன்றாவதாக ஒரு கேள்வியும் கேட்கத் தொடங்கியிருக்கிறது. நீ யார், இருக்கிறதா என்பவற்றோடு, உனக்கு இது அனுமதிக்கப்பட்டதா? 2025 ஆகஸ்ட் 31 முதல் 18 வயது நிறைந்த எல்லாக் குடிமக்களுக்கும் சாரா என்ற அரசு உதவியாக 100 ரிங்கிட், மைகாட் என்ற அடையாள அட்டை வழியே கொடுக்கப்பட்டது. அந்தப் பணத்தில் அரிசி, முட்டை, ரொட்டி, மருந்து போன்ற அடிப்படைப் பொருள்களை மட்டுமே வாங்கலாம். கல்லாவில் பொருளின் பட்டைக்குறியீட்டைப் படித்ததும், அது பட்டியலில் உள்ளதா என்று அமைப்பு பார்க்கும். உள்ளதென்றால் மைகாட்டின் சில்லைப் படித்து, அந்த ஆளின் மீதியிலிருந்து கழிக்கும். மீதி இருப்பது அட்டையில் அல்ல, எங்கோ ஒரு கணினியில். முதல் நாளே கூட்டம் தாங்காமல் அமைப்பு திணறியது. கூடை நிறையப் பொருளோடு கல்லா முன் காத்து நின்றார்கள். பணம் இருந்தது, பொருள் இருந்தது, பதில்தான் வரவில்லை.

அடுத்த மாதக் கடைசியில் பூடி95 என்ற பெட்ரோல் மானியத் திட்டம் வந்தது. மைகாட்டைச் செருகினால் ரோன்95 பெட்ரோல் லிட்டர் 1.99 ரிங்கிட், தொடக்கத்தில் மாதம் 300 லிட்டர் வரை. குடிமக்கள் அல்லாதவர்களுக்கு அப்போது 2.60. ஒரே குழாய், ஒரே பெட்ரோல், ஆளுக்கு ஏற்ற விலை. நாணயத்தால் செய்யவே முடியாத காரியம் இது. உதவி தேவைப்படுகிறவர்களிடம் கசியாமல் போய்ச் சேர வழி கிடைத்திருக்கிறது என்பதை நான் மனதார வரவேற்கிறேன்.

ஆனால் நம் சமூகத்தில் இன்னும் சிவப்பு ஐசி (நிரந்தரவாசிகளுக்கான அடையாள அட்டை) வைத்திருக்கும் தாத்தா பாட்டிகள் இருக்கிறார்கள். இந்த மண்ணிலேயே பிறந்து, தோட்டத்தில் உழைத்து, பத்திரம் எதுவும் கையில் இல்லாததால் நிரந்தரவாசி என்ற நிலையிலேயே முதுமை அடைந்தவர்கள். பிறப்புப் பத்திரம் எடுக்காமல் விட்ட குடும்பங்களில் எந்த ஐசியும் இல்லாமல் வளர்ந்த இளைஞர்களும் இருக்கிறார்கள். நோட்டுக் காசுக்கு இவர்களும் மற்றவர்களும் ஒன்றுதான். சிவப்பு ஐசிக்காரர் வங்கிக் கணக்காவது திறக்கலாம். எந்த அட்டையும் இல்லாதவருக்கு மின்பணப்பையே திறக்காது. கணக்கு தொடங்கும்போது செயலி ஐசியின் படத்தையும் முகத்தையும் ஒப்பிட்டுப் பார்க்கிறது. ஒப்பிட அட்டையே இல்லையென்றால் அந்த ஓட்டம் அங்கேயே நின்றுவிடும். கூலியை ரொக்கமாக வாங்கி, ரொக்கமாகச் செலவழித்து எப்படியோ வாழ்ந்தவருக்கு, ரொக்கம் வாங்காத கடையும் படகும் வாகன நிறுத்துமிடமும் ஒவ்வொன்றும் புதிதாக மூடிய கதவு. குடியுரிமைச் சிக்கலைப் பணத் தொழில்நுட்பம் உண்டாக்கவில்லை. ஆனால் அரசு அலுவலகத்தில் மட்டும் இருந்த அந்தச் சிக்கலை அது தேநீர்க் கடை வரைக்கும் கொண்டு வந்துவிட்டது. நம் சங்கங்களும் தலைவர்களும் குடியுரிமை விண்ணப்பங்களுக்காக அலைவதை இனி பண விஷயமாகவும் பார்க்க வேண்டும்.

மளிகைக் கடைக் கடனையும் பேச வேண்டும். மலேசியாவில் வளர்ந்தவர்களுக்கு 555 நோட்டுப் புத்தகம் தெரியும். சட்டைப் பையில் அடங்கும் அந்தக் குட்டிப் புத்தகத்தில்தான் அரிசிக்கடைக் கடன் ஏறும், சம்பளத்தன்று அடிபடும். கடைக்காரர் அதில் எழுதுவதற்கு முன் பார்த்தது ஆளின் முகம், குடும்பம், போன மாதம் சொன்ன சொல். இன்று அதே வேலையை ‘இப்போது வாங்கு, பிறகு கொடு’ செயலிகள் செய்கின்றன. அவை பார்ப்பது பரிமாற்ற வரலாறு: எப்போது பணம் வருகிறது, எப்போது கரைகிறது, முந்தைய தவணை எத்தனை நாள் தள்ளிப் போனது. இதிலும் நல்லது உண்டு. சம்பளச் சீட்டே இல்லாத பசார் மாலாம் (இரவுச் சந்தை) வியாபாரிக்கு, கியூஆரில் தினமும் வந்த பணமே வருமானச் சான்றாக நின்று கடன் வாங்கித் தர முடியும். ஆனால் 555-இல் எழுதியவரிடம் ‘வீட்டில் சாவு விழுந்துவிட்டது, அடுத்த மாதம் தருகிறேன்’ என்று சொல்லலாம். செயலியிடம் அதைச் சொல்ல இடம் கிடையாது. தாமதக் கட்டணம் தானாக ஏறும்.

பெண்கள் பக்கமும் பாருங்கள். அஞ்சறைப் பெட்டியில் சேர்த்த காசு கணவருக்குத் தெரியாமல் எத்தனை பிள்ளைகளின் பள்ளிக் கட்டணமாகியிருக்கிறது. போனும் கடவுச்சொல்லும் வீட்டு ஆண் கையில் இருந்தால் அந்தச் சேமிப்புக்கு மறைவிடமே இல்லை. அம்மாவுக்கு மின்பணப்பை வைத்துக் கொடுக்கும் மகன்கள், அதன் எண்ணை அம்மாவே தேர்ந்தெடுத்து அவரே வைத்துக்கொள்ள விட வேண்டும்.

இவற்றுக்கெல்லாம் தீர்வு பழைய காலத்துக்குத் திரும்புவது என்று நான் நினைக்கவில்லை. பதில் வராத நேரத்தில் இயந்திரம் என்ன செய்ய வேண்டும் என்பதை முன்கூட்டியே எழுதி வைக்க வேண்டும். அது பொறியாளர்களும் அரசும் சேர்ந்து எடுக்கும் முடிவு. கம்பி அறுந்தால் ‘இல்லை’ என்று கதவை மூடும்படியும் எழுதலாம். ஒரு சிறு தொகை வரை ‘சரி’ என்று விட்டுவிட்டுப் பிறகு கணக்குப் பார்க்கும்படியும் எழுதலாம். இரண்டாவது வழியில் கொஞ்சம் பணம் ஏமாற்றில் போகும் என்பது உண்மை. அரிசி, மருந்து, பஸ் கட்டணம் ஆகிய மூன்றுக்காவது அந்த இழப்பைத் தாங்கிக்கொள்ளலாம் என்பது என் கருத்து. பணத்தைச் சில்லுக்குள்ளேயே வைத்து, அளவுக்கு ஒரு வரம்பு போட்டு, இணையம் இல்லாமலும் செல்லும்படி செய்யும் தொழில்நுட்பம் நம் பையிலேயே இத்தனை ஆண்டுகளாக இருக்கிறது. டச் அண்ட் கோ அட்டையில் 1,500 ரிங்கிட்டுக்கு மேல் ஏற்ற முடியாது. தொலைந்தால் இழப்பு அதற்குள் அடங்கும். அதே முறையை மைகாட் உதவிக்கும் கொண்டு வரலாம்: அந்த மாத உதவியில் ஒரு பகுதியை அட்டையின் சில்லிலேயே எழுதிவிட்டால், மத்தியக் கணினி திணறும் நாளிலும் கல்லாவில் அரிசியும் முட்டையும் நகரும்.