கசட்டெரு: ‘பயோசாலிட்ஸ்’ என்பதற்கு ஒரு தமிழ்ச் சொல்

கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தில் நீர் பிரிந்தபின் அடியில் தங்கும் சேற்றை நுண்ணுயிர்களாலோ வெப்பத்தாலோ சுண்ணாம்பாலோ பதப்படுத்தி, நிலத்தில் இடத் தகுந்ததாக்கினால் கிடைக்கும் பொருளே ‘பயோசாலிட்ஸ்’. உயிர் எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லோடு திண்மத்தைக் குறிக்கும் இலத்தீன் சொல்லைச் சேர்த்து உருவான இப்பெயரை, 1991இல் அமெரிக்காவின் நீர்ச்சூழல் கூட்டமைப்பு ஏற்றுக்கொண்டது. அதுவரை வழங்கிய ‘ஸ்லட்ஜ்’ (சேறு, கசடு) என்ற சொல்லைக் கேட்டதும் மக்கள் முகம் சுளித்ததே பெயர் மாற்றத்துக்குக் காரணம்.

பெயர்தான் புதிது; பயன்பாடு பழையது. அமெரிக்காவின் மில்வாக்கி நகரம் 1926 முதலே தன் கசட்டை உலர்த்தி ‘மிலார்கனைட்’ என்ற பெயரில் மூட்டை கட்டி விற்றுவருகிறது. அந்த மூட்டையில் சத்துகளின் அளவைக் காட்ட அச்சிட்டிருக்கும் மூன்று எண்களில் தழைச்சத்துக்கும் (நைட்ரஜன்) மணிச்சத்துக்கும் (பாஸ்பரஸ்) மதிப்பு உண்டு. மூன்றாவதான சாம்பல்சத்துக்குப் (பொட்டாசியம்) பூச்சியமே நிற்கிறது. சாம்பல்சத்து நீரில் எளிதாகக் கரைந்து, சுத்திகரித்த நீரோடு வெளியேறிவிடுவதால் கசட்டில் அது மிகக் குறைவாகவே தங்குகிறது. 1970களில் சிகாகோ நகரின் கசடு இல்லினாய் ஆற்றில் படகேறி ஃபுல்டன் வட்டாரத்துக்குச் சென்றது. நிலக்கரிக்காக மேல்மண் புரட்டப்பட்டுப் பாழாய்க் கிடந்த அந்த நிலங்கள், கசட்டின் கரிமப்பொருளால் மண்துகள்கள் திரண்டு, ஈரம் பிடித்து, மீண்டும் பயிர் ஏற்றன.

இதற்கு ‘உயிர்த்திண்மம்’ என்று தமிழாக்குவது சொல்லுக்குச் சொல் சரியே. ஆயினும் எதிலிருந்து வந்தது, எதற்கு ஆவது என்ற இரண்டையும் அது சொல்லவில்லை. எண்ணெய்ப் பானையின் அடியில் படிவதைக் கசடு என்கிறோம். மண்ணுக்கு இடுவதை எரு என்கிறோம். முரடு ‘முரட்டு’ என்றாவதுபோலக் கசடு ‘கசட்டு’ என்றாகி, எருவோடு சேர்ந்து ‘கசட்டெரு’ என அமையும். பிறப்பை மறைக்காத இச்சொல்லையே நான் பரிந்துரைக்கிறேன். ஏனெனில், தன் நிலத்தில் இடுவது எது என்று உழவருக்குத் தெரிந்தே ஆகவேண்டும். பதப்படுத்தல் நோய்க்கிருமிகளை அடக்கும்; காட்மியம், ஈயம் போன்ற உலோகங்களை அது அழிக்காது. இவை உள்ளிட்ட உலோகங்களுக்கு அமெரிக்கா 1993இல் வரம்பு விதித்தது. எளிதில் சிதையாத ஃபுளூரின் வேதிப்பொருள்கள் விளைநிலங்களில் தங்கியதைக் கண்ட மெய்ன் மாநிலம், 2022இல் இவ்வெருவை நிலத்தில் இடுவதையே தடைசெய்தது.

ஆகவே, பதப்படுத்தாததும் சோதிக்காததும் வெறும் ‘கழிவுக்கசடு’ மட்டுமே. அதற்கு எரு என்னும் பெயர் பொருந்தாது.