வெள்ளச்சி குடிச்ச தண்ணி

பக்கத்து வீட்டு அக்காவோட பூனை வெள்ளச்சி சித்திரை மாசம் செத்துப்போச்சு. வயசு 17, மனுசக் கணக்குல பாத்தா எம்பது தாண்டின கிழவி. அக்கா மக வீட்டுல பேத்திக்கு காதுகுத்துன்னு நாலு நாள் திருப்பூர் போறப்ப வீட்டுச் சாவிய எங்கிட்டதான் குடுத்துட்டுப் போனாங்க, "தம்பி, காலையில ஒருக்கா சாயங்காலம் ஒருக்கா சோத்த வச்சிருப்பா, அது பாட்டுக்கு கெடக்கும்"னு.

மூணாவது நாள் சாயங்காலம் நான் போறப்ப வெள்ளச்சி குழாயடி பக்கெட்டோட விளிம்புல முன்னங்கால் ரெண்டையும் ஊனிக்கிட்டு தண்ணி குடிச்சிட்டு இருந்துச்சு. நான் கதவத் தொறந்து, தட்டக் கழுவி, மீனும் சோறும் பெசஞ்சு வச்சிட்டுத் திரும்புற வரைக்கும் குடிச்சுச்சு. எங்க செல்லூர்ல அந்த நேரம் வெயில் எப்படி இருக்கும்னு மதுரைக்காரங்களுக்கு சொல்லவே வேணாம், பாவம் வெக்க தாங்கலன்னு நெனச்சு பக்கெட்ட நெழலுக்கு தள்ளி வச்சிட்டு வந்துட்டேன். அக்கா வந்த மறுநாள் அது பாத்ரூம் ஈரத் தரையில சுருண்டு கெடந்துச்சு, வாயில ஒரு மாதிரி மூத்திர நாத்தம். ஆட்டோவுல தூக்கிட்டுப் போயி ரத்தம் எடுத்துப் பாத்தா கிரியேட்டினின் (கிட்னி வெளிய தள்ள வேண்டிய ஒரு கழிவு) 11. நல்லா இருக்குற பூனைக்கு அது 1.6க்கு கீழ இருக்கணும், 5 தாண்டுனாலே கிட்னி வியாதியோட கடைசி கட்டம்னு டாக்டர் சொன்னாரு. ரெண்டு நாள் டிரிப்ஸ் ஏத்துனாங்க. மூணாவது நாள் விடியக்காலையில போயிருச்சு.

அன்னைலருந்து அந்த பக்கெட் மட்டும்தான் என் கண்ணுக்குள்ள நிக்குது. பாத்தேனே, கண்ணால பாத்தேனே, ஒரு போன் போட்டு சொல்லிருந்தா என்னன்னு. இந்த குத்த உணர்ச்சி சரியா தப்பான்னு தெரிஞ்சுக்கணும்னு தான் நான் பூனை கிட்னியப் பத்தியும் மனுச மனசப் பத்தியும் உக்காந்து படிச்சேன், படிச்சத இங்க எழுதுறேன், ஏன்னா வயசான பூனை வச்சிருக்குறவங்களும் அவங்களுக்கு பக்கத்து வீட்டுல இருக்குறவங்களும் தெரிஞ்சுக்க வேண்டிய விசயம் இது.

மொதல்ல கிட்னி. பூனையோட ஒவ்வொரு கிட்னிக்குள்ளயும் ஏறக்குறைய 2 லட்சம் நெஃப்ரான் இருக்கு (நமக்கு ஒரு கிட்னிக்கு பத்து லட்சம் வாக்குல). நெஃப்ரான்னா ஒரு குட்டி வடிகட்டியும் அதுல இருந்து போற ஒரு நீளக் குழாயும். வடிகட்டி ரத்தத்துல இருக்குற கழிவ தண்ணியோட சேத்து வெளிய தள்ளும், குழாய் அந்த தண்ணியில பெரும்பகுதிய திரும்ப ரத்தத்துக்கே உறிஞ்சிக் குடுத்துரும், மிச்சம் இருக்குற கெட்டித் தண்ணிதான் மூத்திரம். பூனையோட பாட்டன் பூட்டன் எல்லாம் வறண்ட காட்டுல திரிஞ்ச ஆப்பிரிக்க காட்டுப்பூனை, அதனால தண்ணிய மிச்சம் புடிக்கிறதுல பூனை கிட்னி கெட்டிக்காரக் கிட்னி, சாப்புடுற எலி மீன்ல இருக்குற ஈரத்துலயே பெரும்பாலும் காலத்த ஓட்டிரும். பூனை தண்ணி குடிக்கிறத நம்ம அடிக்கடி பாக்கறதே இல்லயே, அதுக்கு இதுதான் காரணம்.

வயசாக ஆக நெஃப்ரான் ஒண்ணொண்ணா சாகும். செத்தது திரும்ப மொளைக்காது. ஆனா வெளிய ஒண்ணுமே தெரியாது. எங்க தெருவுல தறி ஓட்டுற பழைய ஆளுங்களுக்கு இத ஒரே வரியில புரிய வச்சிரலாம். பத்து தறி இருக்குற பட்டறையில நாலு தறி நின்னு போச்சுன்னு வைங்க, மிச்ச ஆறும் ராத்திரி பகலா ஓடி அதே எண்ணிக்கை துண்ட நெய்து குடுத்துருது, வாங்க வர்ற யாவாரிக்கு உள்ள நாலு தறி நின்னது தெரியவா போகுது? அப்புறம் ஓயாம ஓடுன தறியே சீக்கிரம் தேயும், ஆறு அஞ்சாகும், அஞ்சு நாலாகும். கிட்னியிலயும் அச்சு அசலா இதான் நடக்குது, உயிரோட இருக்குற நெஃப்ரான் பெருசாகி, அதுக்குள்ள அழுத்தம் கூடி, செத்ததோட வேலையையும் சேத்து இழுக்கும், அந்த இழுப்புலயே அதுவும் போகும்.

இந்த மாதிரி மூணுல ரெண்டு பங்கு நெஃப்ரான் போனதுக்கு அப்புறம் தான் மூத்திரத்த கெட்டியாக்குற சக்தி போகுது. தண்ணி தண்ணியா போகும், போன தண்ணிய ஈடுகட்ட பூனை குடிச்சுக்கிட்டே இருக்கும். முக்கால்வாசி போனதுக்கு அப்புறம் தான் சாதாரண ரத்த டெஸ்ட்டுல கிரியேட்டினின் ஏறி நிக்கும். இப்ப எஸ்டிஎம்ஏன்னு ஒரு டெஸ்ட் இருக்கு, அது அதவிட முன்னாடியே காட்டிக்குடுக்கும், ஆனாலும் நல்லா இருக்குற மாதிரி தெரியுற பூனைய டெஸ்டுக்கு யாரு தூக்கிட்டுப் போறா. அப்படின்னா நான் பக்கெட்டண்ட பாத்தது வியாதியோட ஆரம்பம் இல்ல. பல வருசமா நடந்த ஒண்ணோட கடைசி அத்தியாயம்.

எடையும் முன்னாடியே கொறயும். கிட்னி வியாதின்னு கண்டுபுடிக்கறதுக்கு முந்தின ஒரு வருசத்துல பூனைங்க சராசரியா 9 சதவீதம் எடை எளச்சிருக்குன்னு கணக்கெடுத்திருக்காங்க. நாலு கிலோ பூனைக்கு அது 360 கிராம்தான் வரும், மேல மயிர் மூடியிருக்கும், தெனம் தூக்குற கைக்கு அது எப்படி தெரியும்.

இதுல இன்னொண்ணு, பூனை சொல்லாது. நாய்க்கு வலிச்சா வந்து மூஞ்சிய பாக்கும், மொனகும். பூனை தனியா வேட்டையாடுற சாதி, அதே நேரம் அதவிட பெரிய மிருகத்துக்கு அதுவே எரை, நோஞ்சானா இருக்கேன்னு வெளிய காட்டுனா அடிச்சிட்டுப் போயிருவானுங்கன்னு ரத்தத்துலயே ஊறிப்போச்சு. வலியில கூட சில பூனை குர்குர்னு சத்தம் போடும், நம்ம சந்தோசமா இருக்குன்னு நெனப்போம். பூனைக்கு வலிக்குதா இல்லயான்னு கண்டுபுடிக்க மாண்ட்ரியல் யுனிவர்சிட்டி ஆளுங்க 2019ல ஒரு அளவுகோலே வெளியிட்டாங்க, காது எப்படி இருக்கு, கண்ணு எவ்வளவு இடுங்கியிருக்கு, மூக்கு வாய் பக்கம் இறுகியிருக்கா, மீசை எப்படி நிக்குது, தலை தோளுக்கு கீழ தொங்குதான்னு அஞ்சு எடத்தப் பாத்து மார்க் போடணும். படிச்ச டாக்டருங்களுக்கே அளவுகோல் வேணும்னா ரெண்டு வேளை சோறு வைக்க வந்த நான் எங்கிட்டு கண்டுபுடிக்கிறது.

இவ்வளவும் படிச்சேன். படிச்சும் மனசு அடங்கல. அதுக்கும் காரணம் இருக்கு.

1975ல பாருக் ஃபிஷ்ஹாஃப்னு ஒரு மனவியல் ஆய்வாளர், 1814ல பிரிட்டிஷ்காரனுக்கும் கூர்க்காக்களுக்கும் நடந்த சண்டையப் பத்தின ஒரு பத்திய ஆளுங்ககிட்ட குடுத்தாரு. ஒரு கூட்டத்துக்கு முடிவச் சொல்லல. மத்த ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஒவ்வொரு முடிவு, பிரிட்டிஷ் ஜெயிச்சான், கூர்க்கா ஜெயிச்சான், இழுபறி ஆச்சு இப்படி. அப்புறம் இந்த முடிவு தெரியாட்டி எது நடக்க எவ்வளவு வாய்ப்புன்னு சொல்லிருப்பீங்கன்னு கேட்டாரு. எந்த முடிவ கேட்டாங்களோ அது நடக்கத்தான் முன்னாடியே வாய்ப்பு கூட இருந்துச்சுன்னு அவங்கவங்க சொன்னாங்க, முடிவு தெரியாத கூட்டம் சொன்னதவிட ஜாஸ்தியா. அதவிட முக்கியம், பத்தி ஒண்ணுதான், ஆனா முடிவுக்கு ஏத்த மாதிரி அதுல எந்த வரி முக்கியம்ங்கிறதும் ஆளுக்கு ஆள் மாறிப்போச்சு.

எனக்கு நடந்ததும் அதான். அந்த நாலு நாள்ல நான் வெள்ளச்சிகிட்ட எவ்வளவோ பாத்தேன். படியில வெயில் காஞ்சுச்சு, காக்காவப் பாத்து பல்ல நறநறன்னுச்சு, ஒரு தடவ எங்கால்ல வந்து ஒரசிச்சு, வச்ச மீன்ல பாதிய தின்னுச்சு, தண்ணி குடிச்சுச்சு. அது செத்ததுக்கு அப்புறம் மத்த எல்லாம் அழிஞ்சு போயி தண்ணி மட்டும் நிக்குது. இன்னைக்கு இருக்குற வெளிச்சத்துல அன்னைக்கு இருட்ட பாக்குறேன், இந்த வெளிச்சம் அப்பவே இருந்துச்சுன்னு மூள சாதிக்குது.

அதோட இந்த "மட்டும்" இருக்கே, ஒரு போன் மட்டும் போட்டிருந்தா, ஒரு நாள் முன்னாடி மட்டும் போயிருந்தா. டேனியல் கானமன், ஏமோஸ் ட்வெர்ஸ்கின்னு ரெண்டு மனவியல் ஆய்வாளருங்க 1982ல ஒரு கத சொல்லி ஆளுங்ககிட்ட கேட்டாங்க. ரெண்டு பேரு ஒரே கார்ல ஏர்போர்ட் போறாங்க, ஒரே டிராஃபிக்ல மாட்டி அர மணி நேரம் லேட்டு. ஒருத்தரோட பிளைட் சரியான நேரத்துக்கே கெளம்பிருச்சு. இன்னொருத்தரோடது லேட்டாகி அஞ்சு நிமிசம் முன்னாடிதான் கெளம்புச்சு. யாருக்கு வருத்தம் ஜாஸ்தி? 96 சதவீதம் பேர் அஞ்சு நிமிசத்துல விட்டவருக்குத்தான்னாங்க. நஷ்டம் ரெண்டு பேருக்கும் ஒண்ணுதான், ஆனா கைக்கு எட்டுற தூரத்துல போனா மனசு அத விடாது. வெள்ளச்சி ரெண்டு மாசம் கழிச்சு செத்திருந்தா எனக்கு இந்த பக்கெட்டே ஞாபகம் இருந்திருக்காது. நெஃப்ரானோ அஞ்சாறு வருசமா செத்துக்கிட்டு இருந்திருக்கும்.

அப்புறம் இந்த "மட்டும்" கதையில, அப்படி செஞ்சிருந்தா நல்லதுதான் நடந்திருக்கும்னு மட்டும்தான் மனசு காட்டும், கெட்டதும் நடந்திருக்கலாம்னு காட்டாது. அக்கா எங்கிட்ட "ஒடம்பு சுட்ட மாதிரி இருந்துச்சே, காய்ச்சல் மாத்திரை பாதி குடுத்திருக்கலாமோ"ன்னாங்க. நல்லவேளை குடுக்கல. பாராசிட்டமால முறிக்கிற சக்தி பூனை ஈரலுக்கு கெடயாது, பாதி மாத்திரையே ஒரு பூனைய கொன்னுரும். இத தனியா எழுதி சுவத்துல ஒட்டி வைங்க.

நான் மொத ரெண்டு நாள் அக்கா மூஞ்சிய பாக்காம வாசக்கதவ சாத்திக்கிட்டுத்தான் இருந்தேன். ஜூன் டாங்னின்னு ஒரு ஆய்வாளர் வருசக்கணக்கா எழுதுறது இதப்பத்தித்தான்: நான் செஞ்ச காரியம் தப்புன்னு தோணுறது வேற, நானே கேவலமானவன்னு தோணுறது வேற. பின்னது ஆள ஒளிய வைக்கும். முன்னது போயி எதாச்சும் சரி பண்ணச் சொல்லும். அதப் படிச்ச அன்னைக்குத்தான் ஒளிஞ்சது போதும்னு எந்திரிச்சேன். எங்க பக்கம் எழவு வீட்டுல அடுப்பு பத்த மாட்டாங்க, அக்கம்பக்கத்துல இருந்துதான் சாப்பாடு போகும். பூனை செத்த வீட்டுக்கு யாரும் கொண்டு போறதில்ல, தெருவுல ஒருத்தர் "பூனைதானக்கா, வேற ஒண்ணு எடுத்துக்கலாம்"னு சொல்லிட்டுப் போயிருக்காரு. இப்படி ஊர் துக்கம்னு ஒத்துக்காத துக்கத்துக்கு 1989லயே கென்னத் டோக்கான்னு ஒரு ஆய்வாளர் தனியா ஒரு பேரே வச்சாரு. 17 வருசம் ஒரே வீட்டுல இருந்த உசுரு, அது துக்கம் இல்லாம வேற என்ன.

தூக்குச்சட்டியில இட்லியும் சட்னியும் எடுத்துட்டுப் போனேன். அக்கா ரெண்டு இட்லி சாப்ட்டாங்க. அப்புறம் கேட்டாங்க, "தம்பி, நா இல்லாதப்ப அது தண்ணி நெறைய குடிச்சுச்சா?" எனக்கு தொண்ட அடச்சிருச்சு. ஆமாக்கா, பக்கெட்ல, நான் பாத்தேன், வெயிலுன்னு நெனச்சிட்டேன்னு சொன்னேன். அக்கா கொஞ்ச நேரம் பேசல. "நா மாசியிலருந்தே பாக்குறேன்பா, நானும் வெயிலுன்னுதான் நெனச்சேன், ஒங்கிட்ட சொல்லாம போயிட்டோமேன்னு எனக்கு ஒறக்கமே இல்ல"ன்னாங்க.

ரெண்டு பேரும் ஒரே பக்கெட்ட வச்சிக்கிட்டு தனித்தனியா மருகிட்டு இருந்திருக்கோம்.

காலண்டர்ல கிழிச்ச தாள் பின்னாடி கிட்னி படம் போட்டு தறிக் கதைய அக்காவுக்கு சொன்னேன். ஒங்க தப்பே இல்லக்கான்னு நான் சொல்லல, ஏன்னா அது முழு உண்மை இல்ல. மாசியிலயே போயிருந்தா கிட்னிக்கு ஏத்த சாப்பாடு, தோலுக்கடியில டிரிப்ஸ்னு வச்சு கொஞ்ச மாசம் இழுத்திருக்கலாம். கவனிச்சிருந்தா பொழச்சிருக்கும்னு சொல்றதும் பொய்தான், போன நெஃப்ரான யாராலயும் திரும்ப குடுக்க முடியாது. இந்த ரெண்டுக்கும் நடுவுல எவ்வளவு நம்ம கைல இருந்துச்சோ அவ்வளவுக்கு மட்டும் வருத்தப்படலாம்னு சொன்னேன். அக்கா அந்த தாள மடிச்சு வச்சுக்கிட்டாங்க.

இப்ப தெருவுல ஒரு பழுப்புப் பூனை அக்கா வீட்டுப் படிக்கு வருது, வயசு தெரியாது, பல்லு தேஞ்சிருக்கு. போன ஒண்ணாந்தேதி அத பையில போட்டு பழைய இரும்பு வாங்குறவரோட தராசுல தொங்கவிட்டுப் பாத்தோம், 3 கிலோ 400. அக்கா அத காலண்டர்ல எழுதி வச்சிருக்காங்க, அடுத்த ஒண்ணாந்தேதிக்கும் வரச் சொல்லிருக்காங்க.